முன் சக்கரங்களுக்கு எட்டாத கட்டளை: பழைய பிக்கப் டிரக்குகளின் ஃபோர் வீல் டிரைவ் கோளாறுகள்

பழைய பிக்கப் டிரக்கில் ஃபோர் வீல் டிரைவ் வேலை செய்யவில்லை என்று பட்டறைக்குப் போனால், முதலில் கிடைக்கும் தீர்ப்பு பெரும்பாலும் "டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விட்டது" என்பதுதான். அந்தத் தீர்ப்பு பல நேரங்களில் தவறானது. டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது கியர் பாக்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து, எஞ்சினின் விசையைப் பின் அச்சுக்கும் முன் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. அதற்குள் இருக்கும் சங்கிலியும் பல்சக்கரங்களும் லட்சக்கணக்கான கிலோமீட்டர் உழைக்கும்படி செய்யப்பட்டவை. முதலில் சாவது அவை அல்ல. ஓட்டுநர் லீவரை இழுத்த பிறகு, அல்லது பொத்தானை அழுத்திய பிறகு, அந்தக் கட்டளையை முன் சக்கரங்கள் வரை சுமந்து செல்லும் சின்னஞ்சிறு பொருள்கள்தான் முதலில் சாகின்றன: வெடித்துப்போன வேக்குவம் குழாய், துருவேறிய எர்த் இணைப்பு, உள்ளே கருகிப்போன சுவிட்சு. இவற்றில் பலவற்றை மாற்றும் செலவு, டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கி ஏற்றும் கூலியில் ஒரு பங்குகூட ஆகாது. எனவே கோளாறு தேடுவது அந்தக் கட்டளை போகும் வழியிலிருந்தே தொடங்க வேண்டும்.

இந்த வழி எப்போதும் இவ்வளவு நீளமாக இருந்ததில்லை. அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்கப்பட்ட ஃபோர் வீல் பிக்கப்புகளின் வரலாறு இரண்டாம் உலகப் போரின் ராணுவ வண்டிகளிலிருந்து வருகிறது. டாட்ஜ் பவர் வேகன் 1946-இல் வந்தது. செவர்லே 1957-இலும் ஃபோர்டு 1959-இலும் தங்கள் தொழிற்சாலையிலிருந்தே ஃபோர் வீல் பிக்கப்புகளை விற்கத் தொடங்கின. அந்த வண்டிகளில் லீவரை இழுத்தால் இரும்புத் தண்டு நகரும், தண்டு ஃபோர்க்கை நகர்த்தும், ஃபோர்க் கியரைக் கோக்கும். அவ்வளவுதான். ஆனால் நல்ல சாலையில் போகும்போதும் முன் அச்சின் உறுப்புகள் அனைத்தும் வீணாகச் சுழன்றுகொண்டிருந்தன. பெட்ரோல் வீணானது, உறுப்புகள் தேய்ந்தன. போருக்குப் பின் மலிவாகக் கிடைத்த ஜீப்புகளுக்காக, முன் சக்கரத்தைக் கையால் திருகி அச்சிலிருந்து விடுவிக்கும் 'லாக்கிங் ஹப்'பை 1948-இல் சியாட்டிலில் தொடங்கப்பட்ட வார்ன் நிறுவனம் செய்து விற்றது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இறங்கி, சேற்றில் குனிந்து இரண்டு ஹப்புகளையும் திருக வேண்டும். சிரமம்தான். ஆனாலும் கோளாறுக்கு அதிகம் இடமில்லாத ஏற்பாடு அது.

இறங்காமலேயே வேலை நடக்க வேண்டும் என்று வாங்குபவர்கள் கேட்டார்கள். 1983-இல் செவர்லே எஸ்-10 சிறு பிக்கப் 'இன்ஸ்டா-ட்ராக்' என்ற பெயரில், ஓடும்போதே ஃபோர் வீலுக்கு மாற்றும் வசதியோடு வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் முன் அச்சைத் தானாக இணைக்கவும் பிரிக்கவும் ஓர் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தது. ஒருவர் எஞ்சினின் வேக்குவத்தை, அதாவது உறிஞ்சும் விசையை, நம்பினார், ஒருவர் சூடாகி விரியும் வாயுவை நம்பினார், இன்னொருவர் மின் மோட்டாரை நம்பினார். இன்று இருபது, முப்பது வயதாகிவிட்ட அந்த வண்டிகளை வைத்திருப்பவர்களைப் படுத்துபவை இந்த இணைப்பு ஏற்பாடுகளே. ஆகவே ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன், தன் வண்டியில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே அறிகுறி ஒரு வண்டியில் ஒரு பொருளும், பக்கத்து வீட்டு வண்டியில் நேர் எதிரான பொருளும் தரும்.

வகை தெரிந்த பின், கோளாறு எந்தப் பாதியில் என்று பிரிக்க வேண்டும். ஒன்று, டிரான்ஸ்ஃபர் கேஸ் முன்பக்கம் விசையை அனுப்பவில்லை. அல்லது, அது அனுப்புகிறது, முன் அச்சு ஏற்றுக்கொள்ளவில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சமதளத்தில் எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, வண்டிக்கு அடியில் முன்பக்கம் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். முன் ஹப்புகளோ அச்சு இணைப்போ விடுபட்ட நிலையில், லீவர் 2 ஹையில் (பின் சக்கரங்கள் மட்டும் இயங்கும் நிலை) இருந்தால் அது திரும்ப வேண்டும். 4 ஹையில் (நான்கு சக்கரங்களும் இயங்கும் வழக்கமான நிலை) சிறிய ஆட்டத்தைத் தவிர அசையவே கூடாது. 4 ஹையிலும் தாராளமாகச் சுழன்றால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் கோப்பு நடக்கவில்லை. இறுக்கமாக நின்றால் அந்தப் பெட்டி தன் வேலையைச் செய்துவிட்டது, நீங்கள் முன் அச்சைப் பார்க்கப் போகலாம். (லீவரை மாற்றியதும் பல் பல்லோடு பொருந்தாமல் நிற்பது உண்டு. வண்டியை ஓரடி முன்னும் பின்னும் உருட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.)

இரண்டாவது சோதனைக்கு முன் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் 4 ஹையில், முன் அச்சு இணைந்த நிலையில், இடது சக்கரத்தைக் கையால் சுற்றினால் வலது சக்கரம் எதிர்த் திசையில் சுழல வேண்டும். வலது சக்கரம் சும்மா நின்றால் அச்சு இன்னும் கோக்கவில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். இரண்டு சக்கரங்களை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு, ஃபோர் வீலில் எஞ்சினை ஓட்டி கியர் போடவே கூடாது. தரையில் இருக்கும் சக்கரங்கள் வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிடும். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கும்போது ஆட்டோமேட்டிக் கியரை 'பார்க்'கில் போட்டாலும் வண்டி நிற்காது, உருண்டுவிடும். ஹேண்ட் பிரேக்கும் கட்டையும்தான் அப்போது காவல்.

முன் அச்சு ஏற்கவில்லை என்று முடிவானால், பழைய ஜெனரல் மோட்டார்ஸ், டாட்ஜ், டொயோட்டா வண்டிகள் பலவற்றில் நீங்கள் வந்து நிற்கும் இடம் வேக்குவம். எஸ்-10-ஐ எடுத்துக்கொள்வோம். எஞ்சின் மேனிஃபோல்டிலிருந்து வரும் வேக்குவம், டிரான்ஸ்ஃபர் கேஸின் மேல் பொருத்தப்பட்ட ஒரு சிறு சுவிட்சுக்குப் போகிறது. ஃபோர் வீலில் போட்டதும் அந்தச் சுவிட்சு வழிவிட, பேட்டரித் தட்டுக்கு அடியில் உள்ள ஒரு டயஃப்ரம் உறிஞ்சப்படுகிறது. அது ஒரு கேபிளை இழுக்க, கேபிள் முன் அச்சிலுள்ள ஃபோர்க்கை நகர்த்துகிறது. இந்தச் சங்கிலியில் பலவீனமான இடம் எது என்று பார்த்தாலே தெரியும். டயஃப்ரத்தைப் பேட்டரிக்குக் கீழே வைத்தது மோசமான வடிவமைப்பு. பேட்டரியிலிருந்து கசியும் அமிலம் ரப்பரையும் குழாயையும் அரித்துவிடுகிறது. கேபிளை டயஃப்ரத்திலிருந்து கழற்றி, யாரையாவது முன் சக்கரத்தை மெல்லச் சுற்றச் சொல்லிக்கொண்டே, குறடால் இழுத்துப் பாருங்கள். அச்சு கோத்துக்கொண்டால் ஃபோர்க்கும் அச்சும் நலம், கோளாறு வேக்குவத்தில்தான் என்று உறுதியாகிவிடும்.

டிரான்ஸ்ஃபர் கேஸின் மேலிருக்கும் அந்தச் சுவிட்சு இன்னொரு விபரீதமும் செய்யும். அதன் உட்பக்க சீல் தேய்ந்தால், வேக்குவம் பெட்டிக்குள்ளிருக்கும் எண்ணெயை உறிஞ்சி எடுக்கத் தொடங்கிவிடும். வேக்குவம் குழாயைக் கழற்றும்போது சிவப்பு எண்ணெய் சொட்டினால் காரணம் இதுதான். சுவிட்சை மட்டும் மாற்றினால் போதாது. குழாய்கள் அனைத்தையும் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும், பெட்டியில் குறைந்த எண்ணெயை நிரப்ப வேண்டும். எண்ணெய் வற்றிய பெட்டியில் ஓட்டினால் உண்மையாகவே டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விடும். வேக்குவம் மொத்தமாகக் குறைந்திருக்கிறதா என்பதை வண்டிக்குள் உட்கார்ந்தே ஊகிக்கவும் ஒரு வழி உண்டு. அக்கால வண்டிகள் பலவற்றில் ஏ.சி. காற்று எந்த வழியாக வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கதவுகளும் வேக்குவத்தால்தான் இயங்கின. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் காற்று முன் கண்ணாடிப் பக்கமே வருகிறது என்றால், இரு கோளாறுகளுக்கும் ஒரே கசிவு காரணமாக இருக்கலாம்.

அளந்து பார்ப்பது இன்னும் நல்லது. நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் எஞ்சின், சும்மா ஓடும்போது, கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவு வேக்குவம் தரும். ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். கொலராடோவின் டென்வர் நகரம் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே ஐந்து அங்குலம் குறைவாகக் காட்டுவது எஞ்சினின் குற்றமல்ல. கையால் அடிக்கும் வேக்குவம் பம்பும் மீட்டரும் சேர்ந்த கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று இத்தகைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்வேன். டயஃப்ரத்தில் நேரடியாக அதைப் பொருத்தி 15 அங்குலம் வரை அடித்தால், முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. நின்றால் குழாயையும் சுவிட்சையும் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதியுங்கள். எக்ஸாஸ்ட் குழாயின் அருகே செல்லும் கெட்டி பிளாஸ்டிக் குழாய்கள் வெப்பத்தால் காய்ந்து, தொட்டாலே ஒடியும்.

ஒரு வினோதமான புகார் உண்டு: சமதளத்தில் ஃபோர் வீல் சரியாக வேலை செய்கிறது, மேட்டில் ஏறும்போது மட்டும் விட்டுவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது மேனிஃபோல்டில் வேக்குவம் ஏறக்குறைய பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிடும் என்பது தெரிந்தால் இதில் வினோதம் இல்லை. அந்த நேரத்துக்காகத்தான் ஒரு சிறு சேமிப்புத் தொட்டியும், வேக்குவம் திரும்பிப் போகாமல் தடுக்கும் செக் வால்வும் வைத்திருக்கிறார்கள். செக் வால்வு கெட்டால், ஃபோர் வீல் மிகவும் தேவைப்படும் அந்தக் கணத்திலேயே அது கைவிடும். வாயால் ஊதியும் உறிஞ்சியும் பார்த்தாலே அந்த வால்வைச் சோதித்துவிடலாம்.

1990களின் டாட்ஜ் ராம் வண்டிகளும் முன் அச்சை வேக்குவத்தாலேயே கோத்தன. ஆனால் அங்கே டயஃப்ரத்துக்கு இரு பக்கமும் குழாய் உண்டு, ஒன்று கோக்க, ஒன்று பிரிக்க. ஆகவே ஒரு குழாய் கசிந்தால் அச்சு கோக்காது, மற்றது கசிந்தால் பிரியாது. கம்மின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்திய ராமில் மேனிஃபோல்ட் வேக்குவமே கிடையாது. தனி வேக்குவம் பம்பு ஒன்று அதை உண்டாக்குகிறது. அங்கே குழாய்களைத் தேடுவதற்கு முன் பம்பைப் பார்க்க வேண்டும். இந்த வேக்குவம் ஏற்பாட்டையே தூக்கி எறிந்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து கையால் இழுக்கும் கேபிளைப் பொருத்திக்கொள்பவர்கள் பலர். அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இருபது ஆண்டு வயதான வண்டியில் எளிமைக்குத் திரும்புவது நல்ல முடிவே.

ஃபோர்டு வண்டிகள்தான் அதிகம் குழப்புபவை. 1998 முதல் 2000 வரையிலான ரேஞ்சரில் வேக்குவத் துடிப்பால் இயங்கும் ஹப்புகளை வைத்தார்கள். அவை தந்த தொல்லைக்குப் பிறகு நிறுவனமே அவற்றைக் கைவிட்டு, முன் அச்சு எப்போதும் சுழலும் பழைய முறைக்குப் போய்விட்டது. 1999-க்குப் பிந்தைய சூப்பர் டியூட்டியிலும் வேக்குவ ஹப்புதான் உண்டு. ஆனால் அதன் முகப்பில் கையால் 'லாக்' நிலைக்குத் திருக ஒரு திருகியும் வைத்தார்கள். சீல் கெட்டு வேக்குவம் நிற்காத நாளிலும் ஓட்டுநர் இறங்கித் திருகிவிட்டு வீடு போய்ச் சேரலாம். இந்த மாற்றுவழியைத் தராத வடிவமைப்பு எதுவும் முழுமையானதல்ல என்பேன். 2004-இல் வந்த எஃப்-150-இல் கணக்கு தலைகீழ். அதில் வேக்குவம் இருக்கும்வரை ஹப்புகள் பிரிந்திருக்கும், வேக்குவம் போனால் கோக்கும். எனவே குழாய் கசிந்தால் ஃபோர் வீல் வேலை செய்யாமல் போவதில்லை. மாறாக, 2 ஹையில் ஓடும்போதே ஹப்பு அரைகுறையாக உரசி, முன் சக்கரத்தில் கரகரவென்று அரைக்கும் சத்தம் கேட்கும். இதை வீல் பேரிங் என்று நினைத்து மாற்றிப் பணத்தை வீணடித்தவர்கள் எண்ணற்றோர். தளர்ந்த மண் பாதையில் 4 ஹையில் போட்டதும் அந்தச் சத்தம் நின்றுவிட்டால், பேரிங்கைத் தொடாதீர்கள், வேக்குவத்தைத் தேடுங்கள்.

1988-க்குப் பிந்தைய செவர்லே, ஜி.எம்.சி. பெரிய பிக்கப்புகளில் இருந்தது வெப்ப ஆக்சுவேட்டர். மின்சாரம் பாய்ந்ததும் உள்ளிருக்கும் வாயு சூடாகி விரிந்து ஒரு தண்டைத் தள்ளும், தண்டு அச்சைக் கோக்கும். சூடாவதற்கு நேரம் பிடிக்கும், கடுங்குளிரில் இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். பனியில் சிக்கி அவசரமாகப் பொத்தானைத் தட்டும் ஓட்டுநருக்கு அது வேலை செய்யாதது போலத் தோன்றும். ஆகவே முதலில் காத்திருந்து பாருங்கள். பிறகு ஆக்சுவேட்டர் இணைப்பில் 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டரால் பாருங்கள். மின்சாரம் வந்தும் தண்டு நகராவிட்டால் அது செத்துவிட்டது. பின்னாளில் வந்த மின் மோட்டார் ஆக்சுவேட்டரை இதற்குப் பதிலாகப் பொருத்தும் கிட்டுகள் கிடைக்கின்றன. நானறிந்தவரை இந்த வண்டிக்குச் செய்யத்தக்க மிகச் சிறந்த மாற்றம் அதுவே.

பொத்தானை அழுத்தினால் மாறும் வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸின் மேலேயே ஒரு மோட்டார் இருக்கும். அது எந்த நிலையில் நிற்கிறது என்று கணினிக்குச் சொல்லும் உணரியும் அதற்குள்ளேயே இருக்கும். இங்கே வரிசை எளிது: பேட்டரி, ஃபியூஸ், ரிலே, பொத்தான், எர்த், கடைசியாக மோட்டார். அமெரிக்காவின் வட மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்பு வண்டியின் அடிப்பகுதியில் உள்ள எர்த் இணைப்புகளைத் தின்றுவிடும். மோட்டார் இயங்க முயலும் நேரத்தில் பேட்டரியின் எதிர்முனைக்கும் மோட்டாரின் எர்த்துக்கும் இடையே மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்த இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் வேறு எதையும் வாங்காதீர்கள். மோட்டார்மீது சந்தேகம் வந்தால் அதைக் கழற்றிவிட்டு, அது திருப்பும் ஷாஃப்டை ஸ்பானரால் மெல்லத் திருப்பலாம். நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தால் பெட்டி நலம். 4 ஹை வேலை செய்து 4 லோ (நான்கு சக்கரங்களும் மெதுவாக, அதிக இழுவிசையோடு இயங்கும் நிலை) மட்டும் மறுத்தால், பெரும்பாலும் இயந்திரக் கோளாறு எதுவும் இராது. வண்டி நிற்கிறது, கியர் நியூட்ரலில் இருக்கிறது அல்லது கிளட்ச் மிதிக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி கணினிக்குப் போய்ச் சேராததே காரணம். மலிவான ஸ்கேனர்கள் பல எஞ்சினின் பிழைக் குறியீடுகளை மட்டுமே படிக்கும், ஃபோர் வீல் கணினியின் குறியீடுகளைப் படிக்கமாட்டா. ஸ்கேனர் ஒன்றும் காட்டவில்லை என்பதற்காகக் கோளாறு இல்லை என்று எண்ண வேண்டாம்.

இத்தனையும் பார்த்தான பிறகே டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் போக வேண்டும். அங்கே உண்மையான கோளாறுகளும் உண்டு. சங்கிலி நீண்டுவிட்டால், ஃபோர் வீலில் சுமையோடு ஏறும்போது பல்லைத் தாண்டிக் குதிக்கும். சம்மட்டியால் அடிப்பது போன்ற ஓசை கேட்கும். ஃபோர்க்கின் நுனியிலுள்ள பிளாஸ்டிக் பட்டைகள் தேய்ந்தால் ஃபோர் வீல் தானாக விட்டுப்போகும். 1998-க்குப் பிந்தைய சில ஜி.எம். வண்டிகளின் என்.பி. 246 போன்ற பெட்டிகளில், உள்ளிருக்கும் எண்ணெய் பம்பு பெட்டியின் மக்னீசியச் சுவரோடு உரசி உரசி அதில் ஓட்டை போட்டுவிடும். ஓட்டை மேல்பகுதியில் விழுவதால் நின்ற இடத்தில் சொட்டு விழாது, ஓடும்போது மட்டும் எண்ணெய் வெளியேறும். தரையில் கறை இல்லையே என்று நம்பியிருப்பவர் ஒருநாள் நெடுஞ்சாலையில் பெட்டியை இழப்பார். பக்கவாட்டு மூடியைத் திறந்து எண்ணெய் அளவைப் பார்ப்பது ஒன்றே பாதுகாப்பு. எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். சங்கிலிப் பெட்டிகள் பலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய், ஜி.எம். ஆட்டோ-ட்ராக் பெட்டிக்கு அதற்கென்றே உள்ள நீல எண்ணெய்.

ஃபோர் வீல் கோக்காதது ஒரு புகார் என்றால், கோத்தது பிரியாதது இன்னொன்று. இவ்வகை வண்டிகளில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படுகின்றன. திருப்பத்தில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டியிருக்கும். மணலும் பனியும் சறுக்கிக் கொடுத்து அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும், காய்ந்த தார்ச்சாலை விழுங்காது. முறுக்கு ஷாஃப்டுகளில் சேர்ந்து, லீவர் இறுகிக்கொள்ளும். சில மீட்டர் நேராகப் பின்னோக்கி ஓட்டினால் பெரும்பாலும் விடும். லீவரை அடித்து உடைக்க வேண்டாம். நேர்ச்சாலையிலேயே இறுகினால் டயர்களைப் பாருங்கள். முன்னால் தேய்ந்த டயரும் பின்னால் புது டயரும் இருந்தாலே இந்த முறுக்கு வரும். இன்னும் மோசமானது, முந்தைய உரிமையாளர் வேறு வண்டியிலிருந்து எடுத்த அச்சை மாட்டியிருப்பது. முன் அச்சு 3.42, பின் அச்சு 3.73 என்று விகிதம் மாறியிருந்தால் வேகத்தில் ஒன்பது சதவீத வித்தியாசம். ஃபோர் வீலில் போட்ட ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று உடைவதை நோக்கிப் போகும். செவர்லே வண்டியின் கையுறைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் தாளில் ஜி.யு.6 என்றால் 3.42, ஜி.டி.4 என்றால் 3.73. தாளும் அச்சும் ஒத்துப்போகின்றனவா என்று சக்கரத்தைச் சுற்றி, ஷாஃப்டின் சுற்றுகளை எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இலங்கையிலும் வளைகுடா நாடுகளிலும் தமிழர்கள் பலருக்குப் பழக்கமான பழைய டொயோட்டா ஹைலக்ஸுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். கையால் திருகும் ஹப்பு உள்ள வண்டியில் ஹப்புக்குள் காய்ந்துபோன கிரீஸைக் கழுவிப் புதிதாகப் பூசினாலே பாதிக் கோளாறு தீர்ந்துவிடும். வேக்குவ இணைப்பு உள்ள முன் அச்சு என்றால் மேலே சொன்ன குழாய், வால்வு, டயஃப்ரம் வரிசைதான்.

மாதக்கணக்கில் தொடாமல் விட்ட லீவரும் மோட்டாரும் துருவேறி உறைந்துவிடும். தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதத்துக்கு 16 கிலோமீட்டராவது ஃபோர் வீலில் ஓட்டுங்கள் என்று டொயோட்டா தன் கையேடுகளில் சொல்கிறது. மண் பாதையிலோ ஈரப் புல்தரையிலோ ஓட்டினால் போதும், தார்ச்சாலையில் வேண்டாம். பழைய ஃபோர் வீல் பிக்கப் வாங்கப் போகிறவர்கள் ஓட்டிப் பார்க்கும் சோதனையை விலை பேசுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். மண் தரையில் 4 ஹையிலும் 4 லோவிலும் போட்டு நேராகவும் திருப்பத்திலும் ஓட்டிப் பாருங்கள், பிறகு 2 ஹைக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். நான்கு டயர்களின் அளவையும் படியுங்கள். 4 லோவில் போட்டுக் காட்ட விற்பவர் தயங்கினால், அவர் சொல்லும் விலைக்கு அந்த வண்டியை வாங்காதீர்கள்.